கிணற்று மோட்டாருக்கு லோரா: மேசையில் பேசுகிறது, தோப்பில் ஊமையாகிறது

#1 தோப்புக்காரன் (வெள்ளி, இரவு 10:12)

வணக்கம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோப்பு ஆனைமலைப் பக்கம். கிணறு பள்ளத்தில் இருக்கிறது, வீடும் தண்ணீர்த் தொட்டியும் மேட்டில். நேர்கோட்டில் 1.2 கிலோமீட்டர், இடையே முழுக்கத் தென்னை. மும்முனை மின்சாரம் பாதி நாள் நள்ளிரவில்தான் வருகிறது. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் மோட்டாரைப் போடுவார், தொட்டி நிரம்பும் நேரத்தைக் கணக்கிட்டு மறுபடியும் போய் நிறுத்துவார். அவருக்கு 66 வயது. போன ஐப்பசியில் வரப்பில் வழுக்கி விழுந்தார். அன்றைக்கே இதற்கு ஒரு வழி செய்வது என்று முடிவெடுத்தேன். கிணற்றடியில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. சிம் போட்டு இயக்கும் ஸ்டார்ட்டர் எங்களுக்கு உதவாது.

வாங்கியவை: ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகை இரண்டு, எஸ்எக்ஸ்1278 சில்லு வைத்த 433 மெகாஹெர்ட்ஸ் லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் ரேடியோ) மாட்யூல் இரண்டு, ஸ்பிரிங் ஆண்டெனா இரண்டு. நிரல், நூலகத்தோடு (ஆயத்த நிரல் தொகுப்பு) வரும் உதாரணமேதான். ஒரு பக்கம் ‘ஹலோ’ என்று வரிசை எண்ணோடு அனுப்பும், மறுபக்கம் வாங்கித் திரையில் காட்டும்.

கோவையில் என் அறை மேசையில் சில நேரம் பத்துப் பன்னிரண்டு செய்தி வருகிறது, பிறகு மௌனம். யுஎஸ்பி வயரைப் பிடுங்கிச் செருகினால் மறுபடியும் பத்து. சில நேரம் ‘தொடக்கம் தோல்வி’ என்று முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. தோப்பில் ஒன்றுகூட வருவதில்லை. நூலகத்தை இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன், நிரலை நான்கு முறை புதிதாக எழுதினேன். எந்த வரியில் தவறு என்று யாராவது சொல்ல முடியுமா?

#2 இரவுப்பறவை (வெள்ளி, இரவு 10:31)

நண்பரே, இயல்பு அமைப்பில் விட்டால் தூரம் போகாது. அனுப்பும் சக்தியை 20 டிபிஎம் ஆக்குங்கள், ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை (செய்தியை எவ்வளவு இழுத்து மெதுவாக அனுப்புவது என்ற எண்) 12க்கு ஏற்றுங்கள். லோரா பத்துக் கிலோமீட்டர்கூடப் போகும். 1.2 எல்லாம் ஒரு தூரமே இல்லை.

#3 ஈயப்பற்று (வெள்ளி, இரவு 11:05)

யாரும் எதையும் ஏற்ற வேண்டாம். மேசையில் அரை மீட்டர் தூரத்தில் பேச முடியாதவனுக்கு ஒலிபெருக்கி எதற்கு?

தோப்புக்காரரே, நீங்கள் நிரலைப் பற்றிப் பத்து வரி எழுதியிருக்கிறீர்கள், வயரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று கேள்வி கேட்கிறேன்.

மாட்யூலுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஊனோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து என்றால், அந்தப் பின் 50 மில்லியாம்பியருக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. எஸ்எக்ஸ்1278, 17 டிபிஎம்மில் அனுப்பும்போது 87 மில்லியாம்பியர் இழுக்கும், 20 டிபிஎம்மில் 120. நூலகத்தின் இயல்பு அமைப்பே 17தான். செய்தி கேட்கும்போது வெறும் பன்னிரண்டு மில்லியாம்பியர் என்பதால் வாங்கும் பக்கம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். அனுப்பும் பக்கம் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் மின்னழுத்தம் சரியும், சில்லு மயங்கி விழும். உங்கள் ‘பத்துச் செய்தி, பிறகு மௌனம்’ எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஊனோவின் பின்களை மாட்யூலோடு நேரடியாக இணைத்திருக்கிறீர்களா? ஊனோ 5 வோல்ட்டில் பேசும். எஸ்எக்ஸ்1278 3.3 வோல்ட் ஜாதி, 5 வோல்ட்டைத் தாங்காது. இணையத்தில் பாதிப் படங்கள் நேரடியாகத்தான் இணைத்துக் காட்டுகின்றன. இந்தப் பழக்கம் என்ஆர்எஃப்24எல்01 காலத்திலிருந்து வந்தது என்பது என் ஊகம். அந்தச் சில்லுக்கும் மின்சாரம் 3.3தான், ஆனால் அதன் உள்ளீட்டுப் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்கும். அதைப் பார்த்து இதையும் இணைக்கிறார்கள். உடனே செத்தால்கூட நல்லது, தெரிந்துவிடும். இது பத்து நாள் நோயாளியாகக் கிடந்து நம்மை அலைக்கழிக்கும்.

மூன்றாவது, ரேடியோவை மறந்துவிட்டு, சில்லுக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் என்ற சிறு நினைவிடங்களில் ஒன்றே ஒன்றைப் படித்துப் பாருங்கள். பதினறும எண்ணில் 42 என்ற முகவரி. சில்லின் பதிப்பு எண் அங்கே இருக்கிறது. விடை பதினறும எண்ணில் 12 என்று வர வேண்டும். நொடிக்கு ஒரு முறை என்று ஆயிரம் முறை படிக்க விட்டு, எத்தனை முறை வேறு எண் வந்தது என்று எழுதுங்கள். ‘தொடக்கம் தோல்வி’ என்று நூலகம் சொல்வதே இந்த எண் பொருந்தாததால்தான்.

#4 தோப்புக்காரன் (சனி, காலை 7:48)

அண்ணா, இரவே செய்து பார்த்தேன். மின்சாரம் ஊனோவின் 3.3 பின்னிலிருந்துதான். இணைப்பும் நேரடிதான், நீங்கள் சொன்ன அதே படத்தைப் பார்த்துச் செய்தது.

ஆயிரம் முறை படித்ததில் ஒரு மாட்யூலில் 12 என்று வந்தது 811 முறை. மீதி 0 அல்லது எஃப்எஃப். மற்றொன்றில் ஆயிரமும் சரி, ஆனால் சில்லைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. அனுப்பும் பலகையைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். வாங்கும் பலகை தன்பாட்டுக்கு ‘ஹலோ 2171’ என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் 2172. என் எண் எப்போதும் ஐம்பதைத் தாண்டியதே இல்லை. பேய் பிடித்துவிட்டதா?

#5 நான்காமாண்டு (சனி, காலை 8:20)

பேய் இல்லை, என்னைப் போல யாரோ ஒருவர் இறுதியாண்டு புராஜெக்ட் செய்கிறார்! கோவையில் இத்தனை பொறியியல் கல்லூரிகள். அதே உதாரண நிரல், அதே 433, அதே இயல்பு ஒத்திசைவுச் சொல், அதாவது எந்தச் செய்தியைக் கேட்பது என்று சில்லு பார்க்கும் அடையாள எண். தனியார் பயன்பாட்டுக்கு அது பதினறும 12 என்றும், லோராவேன் என்ற பொது வலைக்கு 34 என்றும் வழக்கம். உதாரணத்தை மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே அறையில் பேசுவது போலத்தான்.

மூன்று வாரமாக ‘வந்தது’ என்று நீங்கள் எண்ணியதில் எத்தனை அவருடையதோ!

#6 ஈயப்பற்று (சனி, காலை 9:15)

தங்கை சொல்வது சரி. இது சிரிக்க வேண்டிய விஷயம் மட்டுமில்லை, மோட்டார் வரும்போது மறுபடியும் இதற்கு வருகிறேன்.

ரெஜிஸ்டரில் 0 அல்லது எஃப்எஃப் வந்தால், சில்லு அந்த நொடியில் பதிலே சொல்லவில்லை என்று அர்த்தம். மாட்யூல் பதில் சொல்லும் எம்ஐஎஸ்ஓ கம்பி எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்ததோ அதுவே எண்ணாக வருகிறது. வயர் தளர்வு, ரீசெட் பின் இணைக்காதது, மின்னழுத்தச் சரிவு என்று மூன்றில் ஒன்று. ஒரே மாட்யூல் 12, 0, எஃப்எஃப் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னால் முதலில் வயர்களைச் செருகிவைக்கும் பிரட்போர்டைச் சந்தேகியுங்கள்.

வெதுவெதுப்பானதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். கேட்கும்போது பன்னிரண்டு மில்லியாம்பியர் எடுக்கிற சில்லு சூடாக நியாயமே இல்லை. அதன் உள்ளீட்டுப் பாதுகாப்பு டையோடுகள் வழியாக 5 வோல்ட் கசிந்துகொண்டிருக்கிறது.

இரண்டு வழி உண்டு. ஊனோவையே வைத்துக்கொள்வதென்றால் ஊனோ பேசும் கம்பிகளான எஸ்சிகே, எம்ஓஎஸ்ஐ, எஸ்எஸ், ரீசெட் நான்கிலும் 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர் ஜோடி போடுங்கள். 5 வோல்ட் 3.3 ஆகிவிடும். எம்ஐஎஸ்ஓவில் வேண்டாம், அது மாட்யூல் பேசும் கம்பி. 3.3 வோல்ட்டை ஊனோ உயர்நிலை என்றே புரிந்துகொள்ளும். கடையில் நாலு வழி மட்டமாற்றிப் பலகை என்று சின்னதாகச் சிவப்பில் கிடைக்கும். அதில் இருக்கும் மாஸ்ஃபெட் ஐ2சி என்ற மெதுவான இணைப்புக்குப் போதும், இந்த மாட்யூல் பேசும் எஸ்பிஐயை வேகமாக ஓட்டினால் அலையின் விளிம்பு மழுங்கிப்போகும். அதை நம்பி நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகத் தொலைத்திருக்கிறேன்.

இரண்டாவது வழி, 3.3 வோல்ட்டிலேயே ஓடும் பலகைக்கு மாறிவிடுவது. 8 மெகாஹெர்ட்ஸ் ப்ரோ மினி அல்லது ஈஎஸ்பி32. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன். நான்கு ஜோடி ரெசிஸ்டரைக் கிணற்றடி ஈரத்தில் யார் காப்பாற்றுவது?

எதுவானாலும் மாட்யூலுக்குத் தனியாக ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டர் கொடுங்கள். அதன் மின்பின்னுக்குப் பக்கத்திலேயே 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரும் 0.1 மைக்ரோஃபேரட் செராமிக்கும் வையுங்கள். பக்கத்திலேயே என்றால் ஒரு விரல்கடைக்குள். பத்து சென்டிமீட்டர் ஜம்பர் வயருக்கு அந்தப் பக்கம் வைத்தால் வைக்காத மாதிரிதான்.

#7 பழைய ரேடியோ (சனி, மாலை 4:02)

நான் முப்பது வருடமாக ஹாம், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு ரேடியோக்காரன். நீங்கள் எல்லோரும் மின்னழுத்தம் பேசுகிறீர்கள், அலைவரிசையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்பதால் அதைத் தோப்பில் வைத்துக் கத்தலாம் என்று பொருள் இல்லை. இந்தியாவில் 433 முதல் 434 வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் 10 மில்லிவாட், 10 கிலோஹெர்ட்ஸ் அகலம், அதுவும் கட்டடத்துக்கு உள்ளே. லோரா வழக்கமாக எடுக்கும் அகலமே 125 கிலோஹெர்ட்ஸ். அந்த விதிக்குள் இது நுழையவே நுழையாது. 434 முதல் 438 வரை எங்கள் ஹாம்களுக்கானது. அதற்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். வாங்கினாலும் மோட்டார் போட அல்ல.

நமக்கு உள்ள நல்ல இடம் 865 முதல் 868. முன்பு 867 வரை இருந்தது, 2021இல் 868 வரை நீட்டினார்கள். அனுப்பும் சக்தி 1 வாட் வரை, அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். 125 அதில் சம்மணமிட்டு உட்காரும்.

ஒரு எச்சரிக்கை. நிரலில் 433 என்ற எண்ணை 866 என்று மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். எஸ்எக்ஸ்1278 சில்லு 525 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்கு மேல் போக எஸ்எக்ஸ்1276 வேண்டும், மாட்யூலின் ஆண்டெனாப் பகுதியும் 868க்கு என்று செய்திருக்க வேண்டும். ஆண்டெனாவும் வேறு. 433க்குக் கால் அலை 17.3 சென்டிமீட்டர், 866க்கு 8.7. பழைய கம்பியையே 866இல் மாட்டினால் அது அரை அலை ஆகிவிடும். முனையில் மின்தடை எகிறி, சக்தி வெளியே போகாமல் மாட்யூலுக்கே திரும்பும். ஆண்டெனாவே மாட்டாமல் அனுப்புவது அதைவிட மோசம்.

#8 இரவுப்பறவை (சனி, மாலை 4:40)

ஐயா, ஆனைமலைத் தோப்புக்குள் யார் வந்து அளக்கப் போகிறார்கள்? கையில் இருக்கும் மாட்யூலை வீணாக்கச் சொல்கிறீர்களே.

#9 பழைய ரேடியோ (சனி, மாலை 5:25)

யாரும் வர மாட்டார்கள். வாசலில் யாரும் இல்லையென்று அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வீர்களா?

சட்டத்தை விடுங்கள், சுயநலமாகவே பாருங்கள். கார்ச் சாவி, கேட் ரிமோட், அழைப்பு மணி எல்லாம் 433இல்தான் கூச்சல் போடுகின்றன. அந்தக் கூட்டத்துக்குள் நின்று உங்கள் அப்பாவின் மோட்டாரைக் கூப்பிட வேண்டுமா? நேற்று ‘ஹலோ 2171’ வந்ததை மறந்துவிட்டீர்களா?

#10 தோப்புக்காரன் (இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:55)

எல்லோரும் சொன்னபடி செய்தேன். கிணற்றுப் பக்கம் 3.3 வோல்ட் ப்ரோ மினி, வீட்டுப் பக்கம் ஈஎஸ்பி32, இரண்டிலும் எஸ்எக்ஸ்1276. ஒத்திசைவுச் சொல்லை மாற்றிவிட்டேன். ஆயிரம் முறை படித்தால் ஆயிரமும் 12. மேசையில் 500 அனுப்பி 500 வந்தது. அன்று இரவுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

இன்று தோப்புக்குக் கொண்டுபோனேன். செய்தி வருகிறது! ஆனால் பாதிதான். வந்த செய்திகளில் ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னல் பலம்) -117, எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல்) -6 முதல் -7 வரை. ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் 7, சக்தி 14 டிபிஎம். கிணற்றுப் பெட்டி மோட்டார் அறைக்குள் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுப் பெட்டி திண்ணையில்.

இன்னொரு கோளாறும் உண்டு. நீர்மட்டம் 240 என்று அனுப்பினால் வீட்டில் ஏதோ எட்டு இலக்க எண் வருகிறது. மேசையில் எழுத்துச் செய்தியாக அனுப்பியபோது இது இல்லை, ஸ்ட்ரக்ட் (எண்களின் கட்டு) ஆக மாற்றிய பிறகுதான்.

#11 நான்காமாண்டு (ஞாயிறு, இரவு 9:30)

அண்ணா, எண் கோளாறு எனக்குத் தெரியும், ஒரு செமஸ்டர் அழுதிருக்கிறேன். ப்ரோ மினியில் ‘இன்ட்’ என்றால் 2 பைட். ஈஎஸ்பி32இல் 4 பைட். நீங்கள் மூன்று இன்ட் வைத்த ஸ்ட்ரக்டை 6 பைட்டாக அனுப்புகிறீர்கள், அந்தப் பக்கம் 12 பைட் இடத்தில் போட்டுப் படிக்கிறீர்கள். முதல் இரண்டு எண்ணும் ஒட்டிக்கொண்டு ஒரே எண்ணாகத் தெரியும். இரண்டு பக்கமும் 16 பிட் முழு எண் என்று அளவைக் குறிப்பிட்டு அறிவியுங்கள். 8 பிட்டையும் 16 பிட்டையும் கலந்தால் ஈஎஸ்பி32 நடுவில் காலி பைட் செருகும், அதனால் நெருக்கிப் பொதியும்படியும் கம்பைலரிடம் சொல்ல வேண்டும். வந்த செய்தியின் நீளம் எதிர்பார்த்ததற்குச் சமமா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் தூக்கி எறியுங்கள். செய்தி சிதைந்ததா என்று சரிபார்க்கும் சிஆர்சியையும் இயக்குங்கள், நூலகத்தில் அது இயல்பாக அணைந்திருக்கும்.

இன்னொன்று. செய்தி வந்ததும் தானாக அழைக்கப்படும் செயற்கூறு வைத்திருக்கிறீர்களா? அது குறுக்கீட்டுக்குள் ஓடுகிறது. அதற்குள் எஸ்பிஐ படிப்பதும் திரையில் அச்சிடுவதும் ஈஎஸ்பி32இல் பலகையைக் கவிழ்த்துவிடும். உள்ளே ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டு, படிப்பதைச் சுழலுக்குள் செய்யுங்கள்.

#12 இரவுப்பறவை (ஞாயிறு, இரவு 9:41)

இப்போதாவது 12க்கு ஏற்றலாமா?

#13 பழைய ரேடியோ (ஞாயிறு, இரவு 10:20)

இன்னும் வேண்டாம். கணக்குப் போடுங்கள். 866 மெகாஹெர்ட்ஸில் 1.2 கிலோமீட்டர் வெறுவெளியில் இழப்பு 93 டெசிபல். 14 அனுப்பினால் -79 வந்து சேர வேண்டும். உங்களுக்கு -117. முப்பத்தெட்டு டெசிபலை வழியில் யாரோ தின்றிருக்கிறார்கள். திருடனைப் பிடிக்காமல் கூலியை உயர்த்தி என்ன பயன்?

முதல் திருடன் மோட்டார் அறைத் தகரக் கூரை. அதற்குள் ஆண்டெனா வைப்பது குடத்துக்குள் விளக்கு வைப்பதுதான். இரண்டாவது திருடன் தரை. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் போவதில்லை. இரண்டு முனைக்கும் நடுவே வயிறு பருத்த வெள்ளரிக்காய் வடிவத்தில் இடம் கேட்கும். உங்கள் தூரத்துக்கும் அலைவரிசைக்கும் அந்த வயிற்றின் ஆரம் நடுவில் 10 மீட்டர். அதில் பத்தில் ஆறு பங்காவது தடையில்லாமல் இருக்க வேண்டும். திண்ணையிலிருந்து பள்ளத்துக்குப் பேசினால் பாதி வெள்ளரி மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. மூன்றாவது, தென்னை மட்டைகள். மழை பெய்து ஈரமானால் இன்னும் கொஞ்சம் தின்னும். இன்றைய எண்ணை வெயில் எண் என்று குறித்துக்கொண்டு மழைக்கும் மிச்சம் வையுங்கள்.

இரண்டு பக்கமும் ஜிஐ குழாய் நட்டு ஆண்டெனாவை உயர்த்துங்கள். ஆனால் பெட்டியைக் கீழே வைத்து நீளமான மெல்லிய கேபிள் இழுக்காதீர்கள். இந்த அலைவரிசையில் அது மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபல் குடிக்கும். பெட்டியையே குழாய் உச்சியில் கட்டிவிட்டு, கீழே மின்சார வயரும் சென்சார் வயரும் மட்டும் வரட்டும்.

#14 நான்காமாண்டு (ஞாயிறு, இரவு 10:58)

ஐயா சொன்னதை ஏற்றுக்கொண்டே ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 20 பைட் செய்தி ஃபேக்டர் 7இல் 57 மில்லிநொடி எடுக்கும். 9இல் 185. 12இல் 1319 மில்லிநொடி, ஒன்றேகால் நொடிக்கும் மேல்! அவ்வளவு நேரமும் அனுப்பும் பக்கம் மின்சாரம் குடிக்கும், நடுவில் ஏதாவது மோதினால் முழுச் செய்தியும் போய்விடும். 7 என்றால் எஸ்என்ஆர் -7.5 வரை தாங்கும், 9 என்றால் -12.5 வரை. அண்ணாவுக்கு இப்போது -6, -7. விளிம்பில் நிற்கிறது, அதனால்தான் பாதி. ஆண்டெனாவை உயர்த்திவிட்டு 9 வைத்தால் மழைக்கும் இடம் இருக்கும். செய்தியையும் 6 பைட்டாகச் சுருக்கினால் 9இலேயே 124 மில்லிநொடிதான்.

12 தான் வேண்டும் என்றால் தாழ் வேக ஒழுங்கு என்ற அமைப்பையும் இரு பக்கமும் இயக்க வேண்டும். ஒரு குறியீட்டின் நேரம் 16 மில்லிநொடியைத் தாண்டும்போது அது கட்டாயம். பெரும்பாலான நூலகம் தானாகச் செய்துவிடும். இரு பக்கமும் வேறு வேறு நூலகம் என்றால் அங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

#15 ஈயப்பற்று (திங்கள், காலை 6:50)

ரேடியோ முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். இனி நான் முதலிலிருந்தே கேட்க நினைத்தது. நிரலில் மோட்டாரை எப்படிப் போடுகிறீர்கள், எப்படி நிறுத்துகிறீர்கள்?

#16 தோப்புக்காரன் (திங்கள், காலை 7:10)

வீட்டிலிருந்து 1 அனுப்பினால் ரிலே இயங்கும், 0 அனுப்பினால் நிற்கும். தொட்டி நிரம்பினால் ஃப்ளோட் சுவிட்சைப் பார்த்து ஈஎஸ்பி32 தானாகவே 0 அனுப்பும்.

#17 ஈயப்பற்று (திங்கள், காலை 8:30)

அந்த 0 வழியில் தொலைந்தால்?

யோசித்துப் பாருங்கள். தொட்டி நிரம்பிவிட்டது, வீட்டில் மின்சாரம் போய்விட்டது, ஈஎஸ்பி32 அணைந்துவிட்டது. கிணற்றில் மும்முனை இருக்கிறது. மோட்டார் கிணறு வற்றும்வரை ஓடும். பிறகு தண்ணீர் இல்லாமல் ஓடிக் காயில் கருகும். உங்கள் அப்பா டார்ச்சோடு நடந்த காலத்தில் இந்த ஆபத்து இல்லை. அவர் நடந்து போய் நிறுத்தினார். அவருக்குப் பதில் ஒரு 0 நடந்து போகும் என்று நம்புகிறீர்கள், அதுவும் தென்னை மட்டைகளுக்கு நடுவே.

‘போடு’, ‘நிறுத்து’ என்ற இரண்டையும் அழித்துவிடுங்கள். வீடு நிமிடத்துக்கு ஒரு முறை ‘இன்னும் 3 நிமிடம் ஓடலாம்’ என்று மட்டும் சொல்லட்டும். கிணற்றுப் பக்கம் ஒரு எண்ணி கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கட்டும். செய்தி வரும்போது மறுபடியும் 180 நொடி. பூஜ்யத்தைத் தொட்டால் ரிலே விடுபடும். தொட்டி நிரம்பினால் வீடு வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆண்டெனா முறிந்தாலும், அணில் வயரைக் கடித்தாலும், ஈஎஸ்பி32 எரிந்தாலும் மூன்று நிமிடத்தில் மோட்டார் நிற்கும். நடுவில் ஒரு செய்தி தொலைந்தால்கூட ஓட்டம் தடைபடாது. கிணற்று மட்டம் குறைந்தால் நிறுத்துவதை ரேடியோவிடம் விடவே வேண்டாம், ப்ரோ மினியே அந்த இடத்தில் முடிவு செய்யட்டும்.

மின்சாரம் போய் வந்தால் ரிலே அணைந்த நிலையில்தான் விழிக்க வேண்டும். செய்திக்கு ஒரு வரிசை எண்ணும் கொடுங்கள், பழைய எண் வந்தால் மதிக்காதீர்கள். ஒத்திசைவுச் சொல் பூட்டு அல்ல, வாசல் நிறம் மாதிரி. கோவைப் பையன் ‘ஹலோ’தான் அனுப்பினான், வேறொருவன் உங்கள் 6 பைட்டைப் பதிந்துவைத்துத் திருப்பி அனுப்பலாம். பகிர்ந்த ரகசியச் சாவி வைத்து ஏஇஎஸ் மறையாக்கம் செய்ய ப்ரோ மினிக்கே தெம்பு உண்டு.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்டது. அந்த நீல நிற ரிலேயின் முதுகில் 250 வோல்ட் என்று எழுதியிருக்கும். மும்முனை ஸ்டார்ட்டர்களில் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்ச்) காயில் பல நேரம் இரண்டு முனைகளுக்கு நடுவே 415 வோல்ட்டில் இருக்கும். இதை வைத்து அதை இயக்கக் கூடாது. நடுவில் அதற்குரிய ஒரு கான்டாக்டர் போட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு இணையுங்கள். ஓவர்லோடு ரிலேயையும் சிவப்புப் பொத்தானையும் எந்தக் காரணத்துக்காகவும் சுற்றிக் கடந்து போகாதீர்கள்.

#18 இரவுப்பறவை (திங்கள், காலை 9:02)

‘வாயை மூடிக்கொண்டால் நிற்கும்’ என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் வீட்டு மேல்தொட்டியில் ‘0’ தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இன்றே மாற்றுகிறேன்.

#19 தோப்புக்காரன் (ஐந்து வாரம் கழித்து, புதன், இரவு 9:18)

முடிந்ததைச் சொல்லாமல் போனால் பாவம்.

இரண்டு பக்கமும் 20 அடி ஜிஐ குழாய், உச்சியில் பெட்டி. ஆர்எஸ்எஸ்ஐ -117இலிருந்து -98 ஆனது. ஃபேக்டர் 9, சக்தி 14. 17க்குக்கூட ஏற்றவில்லை. ஒரு நாளில் 1440 செய்தி அனுப்பி வெயில் நாளில் நான்கைந்து தொலைகிறது. போன வாரம் மழையில் 31. செய்தி தொலைந்ததால் மோட்டார் ஒரு முறைகூட நிற்கவில்லை.

ஒரு சிக்கல் உங்கள் யாருக்கும் தோன்றாதது. கான்டாக்டர் விடுபடும் ஒவ்வொரு முறையும் ப்ரோ மினி செத்துப் பிழைத்தது. காயிலுக்குக் குறுக்கே, மின்துள்ளலை உறிஞ்சும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஸ்னப்பர் போட்டபின் நின்றது. சரி, நிரல் உறைந்தால் பலகையை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரையும் இயக்கிவிடலாம் என்று போட்டேன், பலகை ஓயாமல் ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. பழைய பூட்லோடர் (பலகை விழித்ததும் முதலில் ஓடும் நிரல்) வாட்ச்டாக்கை அணைக்காமல் காத்திருக்கிறதாம். புதிய பூட்லோடரை ஏற்றியபின் சரியானது.

ஈயப்பற்று அண்ணா, நீங்கள் சொன்னது உண்மையிலேயே நடந்தது. சனிக்கிழமை இரவு வீட்டுப் பக்கம் ஃபியூஸ் போனது. இருட்டில் நான் ஃபியூஸ் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து தொட்டியில் விழும் தண்ணீர்ச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று நிமிடத்தில் சத்தம் நின்றது. “யாரு போய் நிறுத்துனா?” என்று கேட்டார்.

ஆனாலும் தினமும் காலையில் கிணற்றுக்கு நடந்துவிட்டுத்தான் வருகிறார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்க.

#20 ஈயப்பற்று (புதன், இரவு 9:40)

மகிழ்ச்சி. கிணற்றுப் பெட்டி பேட்டரியிலும் சோலார் தகட்டிலும்தானே ஓடுகிறது? அந்தச் சிவப்பு எல்இடி ப்ரோ மினியின் மின்சார விளக்கு. நாள் முழுக்க வீணாக இரண்டு மூன்று மில்லியாம்பியர் குடிக்கும். ஈயத்தைச் சூடாக்கிப் பிடுங்கிவிடுங்கள்.

#21 தோப்புக்காரன் (புதன், இரவு 9:44)

அதைப் பிடுங்கினால் அப்பா எதைப் பார்க்க நடப்பார், அண்ணா? எரியட்டும். பேட்டரியைப் பெரிதாகப் போட்டுக்கொள்கிறேன்.